தொட்டியைத் தொடாதே, ஸ்வர்ணா!

"தீனா... டேய் தீனா! ஜல்தி ஓடியாடா!"

ஸ்வர்ணலதாவின் அலறல் ஆரணியின் அந்த நெசவாளர் தெருவையே உலுக்கியது.

மத்தியானம் மூன்றேகால் மணி.

வீட்டின் பின்பக்கம், பட்டுநூலுக்குச் சாயம் போடும் கொட்டகை. வீடெல்லாம் தேடிவிட்டுக் காபி டம்ளரோடு உள்ளே நுழைந்தவள் பார்த்தது...

புருஷனை!

கமலக்கண்ணன் இரும்புத் தொட்டியின் மேல் சாய்ந்து கிடந்தான். தொட்டியின் விளிம்பைப் பிடித்த கை விறைத்திருந்தது.

கரண்ட்!

ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் துடித்தாள். ஆனால் கொழுந்தன் தீனா எலக்ட்ரீஷியன். 'யாரு கிடந்தாலும் மொதல்ல மெயினை இறக்கு அண்ணி' என்று நூறு தடவை சொல்லி வைத்திருந்தான்.

இறக்கினாள். அப்புறம்தான் அலறினாள்.

ஓடி வந்த தீனா, அண்ணனின் நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தான். கடைசியில் அண்ணியை நிமிர்ந்து பார்த்தான்.

எட்டு வருஷத் தாம்பத்யம்... முடிந்தது!

இன்ஸ்பெக்டர் தணிகாசலம் வந்தபோது மணி நாலரை. தொட்டியடியில் குனிந்தவர் புருவத்தைத் தூக்கினார்.

"இன்னாய்யா இது... வெள்ளி உருண்டை மாதிரி ஓடிகினு இருக்கு?"

"பாதரசம் சார்." தீனா விரலால் காட்டினான். "சூடு பார்க்கிற பழைய கண்ணாடிக் குழாய்ங்க அஞ்சாறு இங்க இருந்துச்சி. யாரோ ஒடைச்சி ஊத்தி இருக்காங்க."

"எங்க?"

"ஹீட்டர் ஒயர் வந்து சேர்ற பெட்டிக்குள்ள சார். எர்த் ஒயரையும் கழட்டி இருக்காங்க."

"அது தண்ணி மாதிரில்ல இருக்கு?"

"ஓடுறதுதான் தண்ணி மாதிரி சார். ஆனா அது உலோகம். கம்பி கணக்கா கரண்ட்டைக் கடத்தும். பெட்டியில இருந்த கரண்ட்டைத் தொட்டியோட இரும்புக்கே கொண்டு போய் விட்டுடுச்சி."

"அதை எதுக்குய்யா சூடு பார்க்கிற குழாய்ல வெக்கிறாங்க?"

"செம்பு அளவுக்கு வராது சார், ஆனா தண்ணியைவிடப் பல மடங்கு வேகமா சூட்டை வாங்கிக்கும். சாயத்தண்ணி சூடாக சூடாக, விரிஞ்சி மேல ஏறும். உள்ள ஒரு கம்பி இருக்கும். அதைத் தொட்டா சர்க்யூட் சேர்ந்துடும்... ஹீட்டர் தானா நின்னுடும்!"

தணிகாசலம் கைதட்டாத குறையாகச் சிரித்தார்.

"பிரமாதம்! இவ்ளோ வெவரம் தெரிஞ்ச ஆளைப் பக்கத்துல வெச்சிகினு நான் எதுக்கு ஊரெல்லாம் தேடணும்? முந்தாநாள் அண்ணன் கூடச் சண்டை போட்டியாமே... ஏறுடா ஜீப்புல!"

"சார்! நான் தனியா கடை வெக்கிறேன்னு சொன்னேன்... அவரு வேணாம்னாரு. அவ்ளோதான் சார்! அண்ணி... நான் இல்ல அண்ணி!"

ஸ்வர்ணலதா கல்யாணமாகி வந்தபோது இவனுக்குப் பதினாறு வயசு. தாயில்லாத பையன். சோறு போட்டு, பீஸ் கட்டி, ஆளாக்கியவள் அவள். புருஷன் போன அன்றைக்கே பிள்ளையும் போவதா?

"நில்லுங்க சார்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலை மறித்தாள்.

"இன்னைக்கு அமாவாசைங்க! அமாவாசைக்கு எங்க தெருவுல தறியும் ஓடாது, தொட்டியும் கொதிக்காது. கொட்டாய்ப் பக்கம் ஒருத்தரும் வர மாட்டாங்க. அண்ணனைக் கொல்றவன் அமாவாசையில வந்து இதை வெப்பானா?"

"நாளைக்கு வேலை உண்டுல்ல?"

"நாளைக்கு மொதல்ல தொட்டியைத் தொடறது அவரு இல்லீங்க! வீட்டுப் பொம்பளை குளிச்சிட்டு வந்து, ஈரக்கையால தொட்டிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வெச்ச பிறகுதான் மத்தவங்க கை வெப்பாங்க. எட்டு வருஷமா நான்தான் வெச்சிகினு இருக்கேன். தீனாவுக்கு அது தெரியாதா? இதை வெச்சிருந்தா... எனக்குத்தான் வெச்சிருக்கணும்!"

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது.

எனக்குத்தான்...

தணிகாசலம் சிரிப்பை நிறுத்தினார். "அமாவாசையில உன் புருஷனுக்கு இங்க இன்னாம்மா வேலை?"



கான்ஸ்டபிள் அஜித் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினான். "பாடியில இருந்தது சார். ஒரு செல்போன், ஒரு வெள்ளி மோதிரம்."

"இது அவரோடது இல்லீங்க. நான் போட்டது தங்கம்..." என்றபடி வாங்கியவள், மோதிரத்தின் உட்பக்கத்தைப் பார்த்தாள்.

அங்கே மட்டும் மஞ்சள் பளபளத்தது. அதில் பொடி எழுத்தில் 'ஸ்வர்ணா'!

முந்தானையால் தேய்த்தாள். அழுத்தித் தேய்த்தாள். வெளுப்பு போகவில்லை.

"தேய்க்காத அண்ணி..." தீனா உடைந்து அழுதான். "பாதரசம் பட்டா தங்கம் வெளுத்துடும். அண்ணன்தான் அதைக் கையால எடுத்து ஊத்தி இருக்காரு. கரண்ட்டைக் கடத்தும்னு நான்தான் அவருக்குச் சொல்லிக் குடுத்தேன் அண்ணி!"

"எலக்ட்ரீஷியன் தம்பியை வெச்சிகினு மெயினை இறக்காமலா கை வெப்பாரு?" தணிகாசலம் கேட்டார்.

"பராமரிப்பு வேலைன்னு இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் கரண்ட் கட் சார். கரண்ட்டே இல்லைன்னு மெயினை இறக்காம இருந்திருப்பாரு. ஆனா மூணு மணிக்கே விட்டுட்டாங்க."

மத்தியானம் சோறு போடும்போது கமலக்கண்ணன் இரண்டு தடவை கேட்டான்: 'கரண்ட் எப்போ வரும் ஸ்வர்ணா?' அவளும் சொன்னாள்: 'அஞ்சு மணி ஆகுமாம்ங்க. புழுக்கமா இருக்கா? விசிறட்டுமா?'

விசிறியும் விட்டாள், பாவி!

அப்போதுதான் பொட்டலத்தில் இருந்த செல்போன் சிணுங்கியது. திரையில் ஒரு மெசேஜ். 'அமலா, போளூர்'.

தணிகாசலம் வாய்விட்டுப் படித்தார்.

"காலையில அவ தொட்டியைத் தொட்ட உடனே போன் பண்ணு கண்ணா. காத்துகினு இருப்பேன்."



"அஜித்! போளூருக்கு வண்டியை எடு. பையனை விடு!" தணிகாசலம் தொப்பியைக் கழற்றினார். அவர் குரலில் முதல் முறையாக மரியாதை வந்தது. "ஏம்மா... இத்தனை வருஷத்துல உனக்கு ஒரு சந்தேகம்கூட வரலியா?"

ஸ்வர்ணலதா புருஷனின் முகத்தையே பார்த்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். கண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அந்த அழுகையோடு அழுகையாக, சிரிப்பு ஒன்று பீறிட்டு வந்தது.

"எனக்காகன்னு அவரு மெனக்கெட்டுச் செஞ்சது இந்த ஒரு வேலைதான் சார்... அதையும் ஒழுங்கா முடிக்கத் தெரியல!"