கித்துல்கலைக்குப் போகவிருந்த கார்ட்

2004 ஜூன் 11, வெள்ளி.
இன்று என் கையால் ஒரு பிழை. பழுதான சேர்வோ கார்டைக் கழற்றி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். தூசியோடு திருகாணிகளின் தலையில் இருந்த சிவப்புப் புள்ளிகளும் போய்விட்டன. எந்தத் திருகாணி எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதற்கு அவைதான் அடையாளம். யாரிடமும் சொல்லவில்லை.

எழுதியதைச் சுகந்தினி மறுபடி படித்தாள். சுத்தமாக வேலை செய்கிறேன் என்றுதானே நினைத்தேன்... இரத்தினபுரியில் மாலை வகுப்புக்குப் போய் இதைத்தான் படித்தேனா?

குருவிட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பவர் ஹவுஸில் அவளுக்கு வேலை. ஓடைத் தண்ணீரில் ஓடும் பழைய டர்பைன் அது. தண்ணீர்க் கதவை எவ்வளவு திறப்பது, எப்போது மூடுவது என்று சொல்வது அந்த மின்சுற்றுக் கார்ட்தான். அதைச் செய்த கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. டர்பைன் நின்றதிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் விளக்கில்லை. மாத முடிவுக்குள் ஓடாவிட்டால் பவர் ஹவுஸைப் பூட்டிவிடுவோம் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார்.

மறுநாள் அவிசாவளையில் நல்ல மழை. ஜுனைதீன் நானாவின் பழைய சாமான் கடைக்குள் நனைந்துகொண்டே ஓடினாள். தட்டின் மூலையில், மோட்டார்களுக்குப் பின்னால்... அதே பச்சைக் கார்ட். பாய்ந்து பிடித்தாள். மறுமுனையை இன்னொரு கை பிடித்திருந்தது.

"விடுங்க, இது என்னோடது."

"பேரு எழுதியிருக்கா மிஸ்? காட்டுங்க பாப்போம்."

நிமிர்ந்தாள். மழைத்துளி தங்கிய இமைகள். அதற்குக் கீழே, சிரிப்பை அடக்கிக்கொண்ட இரண்டு கண்கள்.

"நான் முந்தாநாளே போன்ல சொல்லி வச்சேன். நானாகிட்ட கேளுங்க," என்றாள்.

ஜுனைதீன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு பேரும்தான் கேட்டீங்க. ரெண்டு பேருக்கும் சரின்னுட்டேன். கார்ட் ஒன்னுதான் ஈக்குது. பேசி முடிங்க, கடைக்குள்ள சண்டை வாணாம்."

அவன் கேட்டான். "உங்க மெஷின் நின்னா என்னாகும்?"

"லயத்துல லைட் இல்ல. மெயின் கரண்ட் கம்பி எங்க மலைக்கு இன்னும் வரல. பிள்ளைங்க குப்பி விளக்குல படிக்குதுங்க."

அவன் விரல்கள் கார்டிலிருந்து மெல்ல விலகின.

"எங்க லயத்துக்குக் கம்பி வந்துருச்சு. டர்பைனுக்குக் கைச்சக்கரமும் இருக்கு, கையாலயே திருப்பிக்கலாம். நீங்க கொண்டு போங்க. பழைய கார்ட்ல புள்ளி இருக்குதானே? அதப் பாத்து வச்சா இன்னைக்கே ஓடும்."

இப்போது சொல்லிவிடலாம்... ஆனால் இந்தக் கண்களுக்கு முன்னால் எப்படி?

"இருக்கு. எனக்குத் தெரியும்."

"தெரியாம இருக்குமா? பிடிச்ச பிடியப் பாத்தேனே." பொட்டலத்தின் மேல் அவன் தொலைபேசி இலக்கத்தை எழுதினான். "எட்வின். கித்துல்கல பக்கம். ஏதாச்சும் சிக்கல்னா ஃபெக்டரிக்கு எடுங்க."

"ஒன்னும் வராது," என்றாள் வீராப்பாக.

வந்தது. புதுக் கார்டை மாட்டியதும் டர்பைன் சீறியது, அடங்கியது, மறுபடி சீறியது. திருகாணிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெட்டது. வியாழக்கிழமை, ஃபெக்டரி ஒஃபிஸ் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பவர் ஹவுஸ் பூட்டப்படுவதைவிட இவனிடம் சொல்வதா கஷ்டம்?

"எட்வினா? நான்... அவிசாவளையில கார்ட் வாங்கின ஆளு. அந்தப் புள்ளிய எல்லாம் நானே துடைச்சிட்டேன். அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

மறுமுனையில், மழைச் சத்தத்துக்கு நடுவே அவன் குரல்.

"ஞாயித்துக்கிழமை வாறேன்."

"திட்டமாட்டீங்களா?"

"அத நேர்ல வச்சுக்குவோம். லைன் இரையுது, பாதிதான் கேக்கும்."

ஞாயிறு அவன் தன் பழைய கார்டையும் எடுத்துக்கொண்டு வந்தான். இரண்டு உள்ளங்கைகளிலும் துணிக்கட்டு.

"என்ன இது?"

"கைச்சக்கரம்."

"கம்பி வந்துருச்சுன்னு சொன்னீங்க?"

"லயத்துக்கு வந்துருச்சு. ஃபெக்டரிக்கு நான்தான்."

இந்தக் கொப்புளமெல்லாம் எங்கள் விளக்குக்காகவா?

"என் கார்ட் புள்ளிய வச்சு ஒரு மாதிரி ஓட்டலாம், மிச்சத்தத் தொட்டுப் பாத்துத்தான் வைக்கணும். நான் தண்ணிக் கதவுக்கிட்ட நிக்கிறேன்," என்றான் எட்வின். "ரெண்டு கையும் அதுமேல இருந்தாத்தான் நடுக்கம் தெரியும். நீங்க திருகாணிகிட்ட. மெஷின் சத்தத்துல ஒன்னும் கேக்காது. என் கண்ணப் பாருங்க. மேல பாத்தா கூட்டுங்க, கீழ பாத்தா குறைங்க. மூடினா நிறுத்திருங்க."

டர்பைன் இரைந்தது. அவள் அவன் கண்களையே பார்த்தாள், பார்ப்பதுதானே வேலை... மேலே. இன்னும் மேலே. கீழே, கொஞ்சம். நனைந்த பாறை மாதிரிக் கறுத்த விழிகள். எங்கே நாணி முகத்தைத் திருப்புவது? திருப்பினால் டர்பைன் சீறும். திருகாணி மயிரிழை நகர்ந்தது. இரைச்சல் ஒரே சீராகியது. எட்வின் கண்களை மூடினான்.

அவள் கையை எடுத்துவிட்டாள். கண்களை எடுக்கவில்லை.

எதிர்மலையில் லய வரிசை ஒன்று மஞ்சளாக மின்னியது. அதற்கும் மேலே இன்னொன்று.

புதுக் கார்டின் திருகாணிகளில் புள்ளி வைக்க அவன், தன் தங்கை ஜொய்சியின் சிவப்பு நகப்பூச்சு, கியூட்டெக்ஸ் குப்பியை நீட்டினான். "கேட்டா திட்டுவா. கேக்காம எடுத்துட்டேன்."

சிரித்தபடி புள்ளி வைத்தாள்.

"எங்க சனம் எல்லாம் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கு. நான் என்ன செய்யட்டும்?"

"அன்னைக்குக் கார்ட விட்டது லயத்துப் பிள்ளைங்களுக்காகத்தான்," என்றான் தரையைப் பார்த்தபடி. "ஆனா வியாழக்கிழமை போன் வந்ததும்... பிள்ளைங்கள நினைச்சு நான் சந்தோசப்படல."

வெளியே தூறல். சொல்லாமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு இந்த வாரம் தெரிந்துவிட்டது.

"எனக்கும் உங்களப் பிடிச்சிருக்கு," என்றாள். "அவிசாவளையில நீங்க விரல எடுத்தீங்களே... அப்பவே."

"நாங்க சேர்ச்சுக்குப் போறவங்க."

"நாங்க கோயிலுக்கு. வீட்ல ஒரு சண்டை இருக்கு. நான் விடமாட்டேன்... என் பிடிதான் உங்களுக்குத் தெரியுமே."

கடைசி பஸ்ஸுக்கு ஓடிய அவசரத்தில், தன் பழுதான கார்டை அவன் அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தான்.

ஜூன் 20, ஞாயிறு.
டர்பைன் ஓடுகிறது. விளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். எட்வினுக்கு நன்றி. இரண்டு பழைய கார்டுகளையும் மீட்டர் வைத்துச் சோதித்தேன், சந்தேகத்தில் மறுபடியும் சோதித்தேன். அவருடையதில் எரிந்தது ஒரு ட்ரான்சிஸ்டர் மட்டும். என்னுடைய பழைய கார்டில் பழுது வேறு இடத்தில். அதில் அதே ட்ரான்சிஸ்டர் நன்றாக இருக்கிறது.
நாளை: துரையிடம் லீவு கேட்க வேண்டும். ட்ரான்சிஸ்டரைக் கழற்றி எட்வினுடைய கார்டில் ஈயம் வைத்துப் பொருத்தி, கித்துல்கலைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.