கழிமுகனுக்கு அஞ்சி ஓடியவள்

கழிமுகன் நாளொன்றுக்கு ஒன்பது தடவை அந்தத் தெருவை மிதித்து நொறுக்கும். எண்ணூர்வாசிகளுக்கு அது பழகிப்போயிருந்தது. ஆறு மாடி உயர மிருகத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து மீன் வாங்கப் போவார்கள்.

கழிமுகன் வரும் சினிமாவை அந்தத் தெருவில் எடுத்துப் பதினோரு ஆண்டுகளாகிவிட்டன. அன்று தெருவின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் எடுத்த முழுச்சுற்றுப் பதிவை, கண்ணுக்குள் பொருத்திய காட்சிவில்லை அதே சுவர்களின்மேல் ஒட்டிக் காட்டும். சுவர் போனால் காட்சியும் போகும். கண்ணாடிக் கோபுரங்கள் கட்ட இன்று மாலை தெருவை இடிக்கிறார்கள் என்றதும் ரசிகர்கள் திரண்டுவிட்டார்கள்.

செலஸ்டின் ரசிகை அல்லள். மிருகத்தைக் கண்டு சிதறும் கூட்டத்தில், ஏழு வயதில், அவள் மகள் ரோஸ்லின் ஓடியிருந்தாள். திரையில் முதுகு மட்டுமே தெரியும். இந்தத் தெருவில் நின்றால் நான்கு விநாடி முகமும் தெரியும். மறு ஆண்டே காய்ச்சல் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு பார்க்க எதுவும் மிஞ்சாதே என்று அஞ்சியே தாய் இத்தனை காலம் வராமலிருந்தாள்.

"தம்பி, எங்க நின்னா ஓடுறவங்க மூஞ்சி நல்லாத் தெரியும்?"

வழிகாட்டி பரந்தாமன் சிரித்தான். "எல்லாரும் அதோட பல்லத்தான் கேப்பாங்க. நீங்க ஒருத்தர்தான்மா ஓடுறவங்களக் கேக்குறீங்க. ரேஷன் கடை ஓரமா நில்லுங்க."

கழிமுகன் எழுந்தது. செலஸ்டின் அண்ணாந்து பார்க்கவில்லை. அலறிவந்த கூட்டத்தில் ஒரு சின்ன உருவம் சட்டென்று நின்றது. கழன்ற ஒற்றைச் செருப்பை எடுக்க, மிருகத்தின் காலடிக்கே திரும்பி ஓடிக் குனிந்தது. புதுச்செருப்பைத் தொலைத்தால் தோலை உரிப்பேன் என்று படப்பிடிப்பு நாளன்று காலை மிரட்டி அனுப்பியவள் செலஸ்டின்தான்.

உருவம் நிமிர்ந்தது. பிள்ளையின் கழுத்தின்மேல், நரையோடும் சுருக்கங்களோடும், செலஸ்டினின் முகமே இருந்தது.

"தம்பி! இது நானு! எம்புள்ள எங்க?"

"புது வசதிம்மா. நீங்க யார உத்துப் பாக்குறீங்களோ, அவங்க மேல உங்க மூஞ்சியே வந்துடும். வாசல்ல கேட்டப்ப சரின்னீங்களே?"

வாசலில் முப்பத்திரண்டு பக்க நிபந்தனை கண்முன் ஓடியிருந்தது. எல்லாரையும்போல அவளும் படிக்காமலே தலையாட்டியிருந்தாள்.

"பழசப் போடுப்பா. உன் கால்ல வுழறேன்."

"எழுந்திருங்கம்மா, ஐயோ..." அவன் குரல் தணிந்தது. "பழசு இல்ல. யாரும் கேக்கலன்னு போன வாரமே அழிச்சுட்டாங்க."

"டேய், என்னப் பாருடா! செம ஓட்டம்ல?" என்று பக்கத்தில் ஒருவன் துள்ளினான். தெரு முழுக்க அதே கூச்சல். தலைக்குமேல் கழிமுகன் வாய் பிளந்து உறுமியது. ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை.

தெருமுனையில் இடிப்பு எந்திரங்கள் பொறுமையாகக் காத்து நின்றன. கூட்டம் தன்னை இன்னொரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது.