சீமைப்பலாவின் காயங்கள்

கார்னெட் மாமாவின் கூரைப் பக்கம் சீமைப்பலா மரம் சாய்ந்து நின்றது. எல்லாம் போன புயல் செய்த வேலை. அடுத்த புயலில் அது கூரைக்குள் வந்து உட்கார்ந்துவிடும் என்று அவர் பயந்தார்.

மரம் பக்கத்து வீட்டு லெனீசாவுடையது. கூரை அவருடையது.

"இந்த மாசக் கடைசிச் சனிக்கிழமை ஆள் வர்றான். வெட்டியாகணும்" என்றார் மாமா, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.

"நியாயம்தானே" என்றாள் லெனீசாவின் அம்மா.

பத்து வயது லெனீசா ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டாள். கரீபியன் கடலில் இருக்கும் அந்த செயின்ட் வின்சென்ட் தீவில் சீமைப்பலாவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சுட்டு உரித்தால் வெண்ணெய் நிறத்தில் இருக்கும் இந்த வகை, ஊரில் இது ஒன்றுதான். காயில் விதையும் கிடையாது. மரம் போனால் வகையே போய்விடும்.

அவள் ஒரு கிளையை வெட்டி நட்டாள். அந்த ஊரில் வேலிக்கு நட்ட கம்புகூடத் துளிர்க்கும். இந்தக் கிளையோ துளிர்க்காமல் காய்ந்து போனது.

மாமா எட்டிப் பார்த்தார். "என்னடி, துடைப்பமா நட்டிருக்கே?"

"சிரிங்க மாமா. நாளைக்கு எங்க மரத்துச் சுட்ட காய் இல்லாம வெறும் மீனை மென்னுக்கிட்டு இருக்கப்போறது நீங்கதான்."

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் மரத்தடியில் ஒரு குட்டித் தளிரைப் பார்த்தாள். மண்ணை விலக்கிப் பார்த்தாள். அது வேரிலிருந்து வந்திருந்தது. முன்பு ஒருநாள் அம்மாவின் மண்வெட்டி பட்டுத் தோல் உரிந்த இடம் அது. காயம்படாத வேர்களில் ஒன்றுமே இல்லை.

வகுப்பில் டீச்சர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. செடிக்குள் சில செல்கள் இன்னும் எதுவாகவும் ஆகாமல் இருக்கும். அவை வேராகலாம், தண்டாகலாம், இலையாகலாம். காயம்பட்டால் வேறு செல்கள்கூடப் பழைய வேலையை விட்டுவிட்டு அப்படி மாறும். டீச்சர் இதைச் சொன்னபோது லெனீசா ஜன்னல் வழியாக ஓணானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தவரை லாபம்.

கத்தியை எடுத்து வேர்களை அங்கங்கே கீறினாள்.

அம்மா ஓடிவந்தாள். "அடிப்பாவி! நாளைக்குப் போற மரத்தை இன்னைக்கே குத்திக் கொல்றியா?"

"கொல்லலம்மா. எழுப்பி விடறேன்."

சனிக்கிழமை மரம் விழுந்தது. லெனீசா எல்லார் முன்னாலும் அழுதாள். ஆனால் வெட்டியவன் வேரைத் தோண்டப் போனபோது, கண்ணைத் துடைத்துக்கொண்டு குறுக்கே போய் நின்றாள்.

"வேரைத் தொடாதீங்க."

"விடுப்பா, அவ நகரமாட்டா" என்றாள் அம்மா.

மழை வந்தது. வாரங்கள் போயின. சில காயங்கள் அப்படியே ஆறிப்போயின. சில காயங்கள் புடைத்துப் பச்சையாயின, பிறகு இலை விட்டன. அவை முழங்கால் உயரம் வந்ததும், லெனீசா ஒன்றை அங்கேயே விட்டாள். இன்னொன்றை வேர்த்துண்டோடு வெட்டிப் பழைய பெயின்ட் டப்பாவில் வைத்தாள். அது வேர்பிடித்ததும் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"யாருக்கு அது?" என்றாள் அம்மா.

"கார்னெட் மாமாவுக்கு."

"வெட்டச் சொன்னதே அவர்தானேடி!"

"அதுக்காக அவருக்குப் பசிக்காதாம்மா?"

மாமாவின் தோட்டத்தில், வீட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு குழி தயாராக இருந்தது. அடியில் எரு போட்டிருந்தது. ஓரத்து மண் காய்ந்து வெடித்திருந்தது.

"எப்ப தோண்டினீங்க மாமா?"

மாமா வேறு எங்கேயோ பார்த்தார்.

"உன் வேர்ல மொத இலை வந்த அன்னைக்கே."