வந்துகொண்டிருக்கிறார்கள்

காலையில் கண் விழித்ததும் சந்தனமாரி முதலில் பார்ப்பது காற்றுக் குடத்தைத்தான். பின்சுவரை ஒட்டி ஆளுயரத்துக்கு நிற்கும் உலோக உருளை அது. உள்ளே குளிரவைத்துத் திரவமாக்கிய காற்று. அது எதுவரை இருக்கிறதோ அதுவரை உருளையின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூத்திருக்கும். படுக்கும் முன் பனி நின்ற இடத்தில் அவள் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைப்பாள். காலையில் பனி அந்தக் கோட்டுக்கு அரை விரல் கீழே இறங்கியிருந்தால், அது அவள் மூச்சு விட்ட கணக்கு. நாலு விரல் இறங்கியிருந்தால் திருட்டு.

அன்று ஆறு விரல் இறங்கியிருந்தது. முகம் கழுவாமலேயே தேவசகாயத்துக்குச் சொல்லி அனுப்பினாள்.

ஒன்பதாம் குழாயில் காற்றுத் திருட்டு புதிதல்ல. செவ்வாயின் தரைக்கடியில், ஒரு காலத்தில் எரிமலைக் குழம்பு ஓடி வடிந்துபோன நீண்ட குகை அது. அதற்குள் அறுநூற்று நாற்பது வீடுகள். மூன்று தலைமுறைக்கு முன் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களின் வாரிசுகள்தான் பெரும்பாலும். வீடுகளுக்குப் பின்னால் பழுது பார்க்கிற சந்து ஒன்று உண்டு. திருடர்கள் அதன் வழியே வந்து, குடத்தின் அடைப்பானில் ஓர் உறிஞ்சியை மாட்டுவார்கள். கொஞ்சம் எடுத்தால் கோட்டில் மட்டும் தெரியும். பேராசைப்பட்டு முழுக்க எடுத்தால், குடம் தீர்ந்த பிறகு வீட்டுக்குள் இருக்கிற காற்றும் அதே வழியில் போய்விடும்.

கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடலாமே என்று தோன்றும். முடியாது. காரணம் மிக எளிமையானது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். வீட்டுக்குள் அழுத்தம் குறைந்தால், வெளியே குகையில் இருக்கும் காற்று கதவை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். பத்து ஆள் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. கதவுக்கு வெளியே இடுப்புயரத்தில் சமன்திருகு என்று ஒன்று இருக்கிறது. யாராவது அதை அரைச் சுற்றுத் திருப்பினால் குகைக் காற்று உள்ளே பாயும், கதவு திறக்கும். ஒரு வீட்டின் ஓட்டை குகையையே காலி செய்துவிடக் கூடாது என்பதற்காகத் திருகை வெளியே மட்டும் வைத்திருந்தார்கள். நல்ல ஏற்பாடுதான். வெளியே ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். போன மாதம் எட்டாம் குழாயில் ஒரு தம்பதிக்கு அந்த ஆள் கிடைக்கவில்லை.

தேவசகாயம் பத்து மணிக்கு வந்தார். குடியேற்ற அலுவலகத்தின் சார்பில் வீடு வீடாகக் காவல் கருவி பொருத்துகிறவர். வயது அறுபது. பொருத்துவதைவிட, பொருத்தியது ஏன் வேலை செய்கிறது என்று சொல்வதில் அவருக்கு ருசி அதிகம்.

"சுவத்துல ஆணி கீணி அடிச்சிர மாட்டியளே அண்ணாச்சி?"

"செவ்வாயில ஆணி அடிச்சா அது கொலைக்கேசும்மா. அதுக்காகத்தான் கம்பியே இல்லாமச் செஞ்சிருக்கான். இங்க பாருங்க." கைப்பையைத் திறந்து, விரல் நீளத்தில் தட்டையான ஐந்து சாம்பல் நிறத் துண்டுகளை மேசையில் பரப்பினார். "இதுக்குப் பேரு பல்லி. ஒட்டுனா ஒட்டிக்கிடும். உள்ளபக்கம் வீட்டுச் சூடு, அந்தப்பக்கம் பாறைக் குளிரு. இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்துலயே மின்சாரம் எடுத்துக்கிடும். பேட்டரி மாத்துற வேலையே கிடையாது."

ஒன்றைக் குடத்தின் கழுத்தில் ஒட்டினார், ஒன்றைக் கதவில், மீதியைப் பின்சுவரில். பிறகு அரிசிப்படி அளவிலான ஒரு பெட்டியை அலமாரியில் வைத்தார். அது தாய்ப்பெட்டி. பல்லி ஒவ்வொன்றும் எட்டு விநாடிக்கு ஒருமுறை வானொலி அலையில் 'இருக்கிறேன்' என்று தாய்க்குச் சொல்லும். மனிதக் காதுக்குக் கேட்காது. மூன்று முறை குரல் வராவிட்டால், திருடன் பல்லியைக் கொன்றுவிட்டான் என்று தாய் முடிவு செய்துகொள்ளும். அடைப்பானை யாராவது தொட்டாலும் சரி, பல்லி செத்தாலும் சரி, தாய் மூன்று காரியங்களைச் செய்யும். அடைப்பானை இறுக்கிக் கடித்துக்கொள்ளும். சங்கு ஊதும். உதவி வீட்டாரைக் கூப்பிடும்.

"உதவி வீட்டார் யாரு?"

"நீங்க சொல்லுதவங்கதான். ஒம்பது வீடு வரைக்கும் எழுதலாம். அவங்க வாரோம்னு பதில் சொல்லிட்டா, தாய் சங்க நிறுத்திட்டு அடைப்பானையும் விட்டுரும். ஏன்னு கேளுங்க."

"ஏன்?"

"வாரவங்கதான் ரோந்தக் கூப்பிட்டுப் பின்சந்தையும் பாக்கணும். பூட்டுன அடைப்பானோட அவங்க மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கக் கூடாதுல்லா? காப்பாத்த வந்தவங்களத் திருடன்னு நெனச்சிரக் கூடாது. அதான் சூட்சுமம்."

சந்தனமாரி எதிர்வீட்டுப் பரமானந்தத்தில் தொடங்கி ஒன்பது பெயரும் சொன்னாள். ஒன்பது பேரும் நல்ல மனிதர்கள். தாய்ப்பெட்டி ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டது. அதன் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது.

"காவல்ல இருந்தா சேப்பு எரியும்னு சொன்னியளே."

தேவசகாயம் நாற்காலியில் உட்கார்ந்தார். "அதச் சொல்லத்தான் எனக்கு வெக்கமா இருக்கு. முந்நூத்திப்பத்து வீட்டுல மாட்டியாச்சு. ஒரு வீட்டுலகூட இன்னும் சேப்பு எரியல."

விஷயம் இதுதான். முதலில் செய்த பெட்டிகள், வேலை முடிந்து வீடு திரும்பியவர்களையே பார்த்துச் சங்கு ஊதின. அதனால் வரவேண்டிய ஆளை அடையாளம் காண அதற்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டு ஆள் ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தால், அவர் வந்து சேரும்வரை பெட்டி காவலை இறக்கி வைத்துக் காத்திருக்கும். ஒன்பதாம் குழாயில் வீட்டைவிட்டுக் கிளம்புகிற எவரும் கதவருகே திரும்பி ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: வாரேன். பெட்டி அதை அப்படியே நம்பியது; எந்த வீட்டிலும் எந்நேரமும் ஒருவராவது அப்படிச் சொல்லிவிட்டு வெளியே இருந்தார்.

"வெளிய போகும்போது 'போறேன்'னு சொல்லச் சொல்லி ஆபீஸ்ல நோட்டீஸ் ஒட்டினாவ. எதிர்வீட்டுப் பரமானந்தம் ஒருநாள் சொல்லிப் பாத்தாரு. அவரு பொஞ்சாதி அன்னைக்கு வேலைக்கே விடல. காத்து போனாலும் பரவால்ல, அந்தச் சொல்லு வேண்டாம்ங்கா."

"அவ சொன்னதுல என்ன தப்பு?" என்றாள் சந்தனமாரி. பிறகு, "ஆனா இந்த வீட்டுல நான் ஒருத்திதான. நான் எங்கயும் போகலையே."

தேவசகாயம் பெட்டியின் முகப்பைத் தொட்டார். எழுத்துகள் வந்தன. வீட்டார் இருவர். ஒருவர் உள்ளே. ஒருவர் வந்துகொண்டிருக்கிறார்.

அவள் அந்த எழுத்துகளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அவள் கணவன் இசக்கிப்பாண்டி, மூன்று வருடத்துக்கு முன் மேற்பரப்பில் பனிக்குழாய் அடைப்பெடுக்கப் போனவன். போன இரண்டாம் மணி நேரத்தில் புழுதிப்புயல் எழுந்தது. நாற்பது நாள் கழித்து அது அடங்கியபோது, அவனோடு போன வண்டி கிடைத்தது; அவன் கிடைக்கவில்லை. வீட்டுக் கதவுக்கு ஒரு சிறு நினைவகம் உண்டு. போனவர்கள் கடைசியாகப் பேசியதை அது வைத்திருக்கும். புதுப் பெட்டி பழைய கதவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறது.

"மூணு வருசமாவா வந்துக்கிட்டிருக்காவ?"

"பெட்டிக்குப் பொறுமை ஜாஸ்தி" என்ற தேவசகாயம், சொல்லியிருக்கக் கூடாது என்று உடனே தரையைப் பார்த்தார்.

"நான் இப்ப என்ன செய்யணும்?"

"வீட்டு ஆளு வாயால ஒரு வார்த்த சொல்லணும். அவரு வர மாட்டாருன்னு. பொத்தான் கெடையாது. பொத்தான் வச்சாத் திருடனும் அமுக்குவான்."

"வெளிய இருக்காவன்னு சொன்னாப் போதாதா? ஆபீஸ்ல அப்படித்தான் எழுதியிருக்கேன். அவுக பங்குக் காத்தும் மாசாமாசம் வருது."

"அதனாலதான் யம்மா ஒங்க குடம் இந்தத் தெருவுலயே பெருசு. திருடனுக்கு அது தெரியும்."

அவள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். அடுப்பைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். மூன்று வருடத்தில் அந்த வார்த்தையைக் கேட்காமல் இருக்க எத்தனை பேரின் வாயை அடைத்திருக்கிறாள். மாமியார் செய்தி அனுப்பினால் பதில் போட மாட்டாள். தாலியைப் பற்றி ஒருத்தி பேச்செடுத்தாள் என்று பாசிப் பண்ணை வேலையையே மாற்றிக்கொண்டாள். கடைசியில் அலமாரி முன்னால் வந்து நின்றாள்.

"அவுக வர மாட்டாவ."

"மன்னிக்கவும், தெளிவாகக் கேட்கவில்லை" என்றது பெட்டி. "இன்னொரு முறை சொல்லவும்."

"இசக்கிப்பாண்டி வர மாட்டாவ. இனிமே வர மாட்டாவ."

சிவப்பு எரிந்தது. ஒன்பதாம் குழாயில் காவலுக்கு வந்த முதல் வீடு அது. தேவசகாயத்தின் முகத்தில் ஒரு நொடி தொழிலாளியின் சந்தோஷம் வந்துபோனது. கைப்பையை மூடிக்கொண்டு எழுந்தார். கதவருகே வாய் திறந்தவர், எந்தச் சொல்லும் பொருத்தமாக அகப்படாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கிப் போனார்.

பெட்டி வைத்த பதினோராம் நாள், விடுமுறை. நண்பகல். குழாய் முழுக்க எல்லோரும் வீட்டில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரம். சந்தனமாரி சோற்றைப் பிசைந்து முதல் வாய் வைத்தபோது பல்லி காட்டிக்கொடுத்தது. அடைப்பான் 'கடக்' என்று கடித்துக்கொண்டது. சங்கு ஊதியது.

அவளுக்குப் பயத்தைவிட ஆச்சரியமே அதிகமாக இருந்தது. கருவி சொன்னபடி, சொன்ன வரிசையில் வேலை செய்தது. பெட்டி ஒன்பது வீட்டையும் அழைத்தது. பதில்கள் ஒவ்வொன்றாக அதன் வாய் வழியே வந்தன.

"இதோ வாரேன் மாரி" என்றார் பரமானந்தம், வாயில் சோற்றோடு.

"வந்துக்கிட்டே இருக்கோம்க்கா."

"செருப்ப மாட்டிட்டேன்."

"தெருமுனையில நிக்கேன், வாரேன்." இதைச் சொன்னவரின் பின்னால் தொலைக்காட்சி ஓடுவது கேட்டது.

நாற்பத்தெட்டு விநாடியில் ஒன்பது வீடும் பதில் சொல்லிவிட்டன. "பயப்பட வேண்டாம். ஒன்பது பேர் வந்துகொண்டிருக்கிறார்கள்" என்றது பெட்டி. சங்கை நிறுத்தியது. அடைப்பானை விட்டது. நெற்றியில் பச்சை எரிந்தது. பின்சந்தில் பதுங்கியிருந்தவர்கள் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, உறிஞ்சியை மறுபடியும் முடுக்கினார்கள்.

சங்கு நின்றதும் ஒன்பது வீட்டிலும் எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். நின்றுவிட்டது என்றால் யாரோ போய்விட்டார்கள் என்றுதானே அர்த்தம்.

குடத்தில் பனி கண்ணெதிரே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. சாக்கட்டிக் கோட்டைத் தாண்டியது, பாதியைத் தாண்டியது, அடியைத் தொட்டது. சந்தனமாரி ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. காதுக்குள் 'குப்'பென்று அடைத்தது. பெட்டியின் முன்னால் வந்து நின்றாள். ஒரு பெயருக்கு அன்று அத்தனை நேரம் எடுத்தவள், இன்று ஒன்பது பெயரையும் ஒரே மூச்சில் சொன்னாள். "பரமானந்தம் வர மாட்டாரு. ராசாத்தி வர மாட்டா. குருசாமி வர மாட்டான்..."

பெட்டி ஒவ்வொருவரையும் வருகிறவர்கள் கணக்கிலிருந்து நீக்கியது. சிவப்பு எரிந்தது. அடைப்பான் கடித்தது, சங்கு ஊதியது. விதிப்படி ஒன்பது வீட்டையும் மறுபடியும் அழைத்தது.

இந்த முறை குரல்களில் கொஞ்சம் சலிப்பு இருந்தது. சாப்பாட்டில் இரண்டாம் தடவை எழுப்பப்பட்டால் யாருக்கும் வரும் சலிப்புதான்.

"அதான் வந்துட்டேன்னு சொன்னேன்லா."

"வந்துட்டோம், வந்துட்டோம்."

"இந்தா, வந்துட்டேன்க்கா."

பெட்டி ஒன்பது பதிலையும் கவனமாகக் கேட்டுப் பதிந்துகொண்டது. "உதவி வந்து சேர்ந்துவிட்டது. ஒன்பது பேரும் வந்துவிட்டார்கள். நன்றி." இதை எல்லா வீட்டுக்கும் அறிவித்தது. சங்கு நின்றது. அடைப்பான் திறந்தது.

"ஒருத்தரும் வரல" என்றாள் சந்தனமாரி. குரல் மெலிந்து வந்தது. "பரமானந்தம் வர மாட்டாரு."

"வந்துவிட்டவரை வர மாட்டார் என்று பதிய இயலாது" என்றது பெட்டி, மரியாதையாக.

அவள் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். உள்ளங்கையால் கதவைத் தட்டினாள். காற்று குறைந்த அறையில் அவள் தட்டியது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

பரமானந்தம் கை கழுவ வெளியே வந்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே தெருவைக் கடந்து சந்தனமாரியின் கதவு வரைக்கும் வந்துவிட்டார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அமைதியாக இருந்தது. சமன்திருகு அவர் கைக்குப் பக்கத்தில் இருந்தது.

"என்ன, உள்ள போகலையா?" அவர் மனைவி வாசலிலிருந்து கேட்டாள்.

"ஒம்பது பேரு உள்ள இருக்காவளாம். பெட்டியே சொல்லிட்டு."

"ஒம்பதுல நீங்களும் ஒருத்தரு."

"அப்ப எட்டுப் பேரு. சின்ன வீடு." அவர் திரும்பி நடந்தார். "நானும் போய் நின்னா, பாவம், அவளுக்குல்லா காத்து பத்தாது."