மூடும் சத்தம்

கேமரா ஷட்டர் திறந்த சத்தம் அவள் கையில்தான் கேட்டது. மூடிய சத்தம் பக்கத்து அறையிலிருந்து வந்தது.

மழையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மத்தியானத்திலிருந்து விடாமல் அடித்த மழையில் வீடே பிழியாத துணி மாதிரி கனத்துக் கிடந்தது. மேசை விளக்கின் கீழே இடுக்கி, பஞ்சு, பெட்ரோல் கிண்ணம். நடுவே, காலையில் பழைய சாமான் கடையிலிருந்து அவள் கணவன் தூக்கிவந்த கேமரா. வாங்கிக் குவிப்பது அவன் பாடு, பழுது பார்ப்பது அவள் பாடு என்று அந்த வீட்டில் ஒரு பங்கீடு. வந்ததும் வராததுமாக லென்ஸில் கண்ணை வைத்துப் பார்த்தவன், "உள்ள யாரோ கண்ணடிக்கிறாங்கடி" என்று சிரித்தான். சாப்பிட்ட கையோடு, தலை வலிக்கிறது, வெளிச்சம் கூசுகிறது என்று பக்கத்து அறையில் போய்ப் படுத்துவிட்டான்.

மறுபடி அழுத்தினாள். ஷட்டர் திறந்தது. மூட மனமில்லாததுபோல் இழுத்துக்கொண்டே இருந்தது. அப்புறம், பக்கத்து அறையில், 'டக்'.

"ஏங்க, எழுந்துட்டீங்களா?"

மழை மட்டும் பெய்தது. கேட்டதையே அவள் மறந்த பிறகு பதில் வந்தது. "இல்...லியே."

"பதில் சொல்லக்கூடவா சோம்பேறித்தனம்?"



ஷட்டர் மந்தம் ஒரு கோளாறு. வெளிச்சத்தை அளந்து விடுகிற அப்பர்ச்சரின் ஐந்து தகடுகளும் அகல விரிந்தபடியே ஒட்டிக்கொண்டிருந்தது இன்னொன்று. எண்ணெய் கசிந்து பிசினாகிவிட்டால் இப்படி ஆவதுண்டு. பஞ்சால் துடைத்தாள். துடைத்த இடத்தில் திரும்பவும் ஈரம் ஊறியது. தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

கேமராவும் கையுமாக எழுந்து போனாள்.

அவன் மல்லாந்து கிடந்தான். கண்ணின் பாவை அகல விரிந்து, கண் முழுக்கக் கறுப்பாக இருந்தது; இமையோரத்தில் எண்ணெய்ப் பளபளப்பு. துருப்பிடித்த கதவை யாரோ தள்ளுவதுபோல் இமைகள் நின்று நின்று இறங்கிக்கொண்டிருந்தன. மூச்சு உள்ளே போனது. வெளியே வரவில்லை. பதற்றத்தில் அவள் விரல் ஷட்டரை அழுத்திவிட்டது. இமைகள் படக்கென்று திறந்தன. மூச்சு வெளியே வந்தது.

தற்செயலாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே இன்னொரு தடவை அழுத்தினாள். தற்செயல் இல்லை.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். "கிளம்பிட்டோம்மா. பாலத்துல தண்ணி ஏறிடுச்சு, சுத்தி வரணும். மூச்சு இருக்கா?"

"இருக்கு. ரொம்ப மெதுவா இருக்கு. உங்க கால்ல விழறேன், சீக்கிரம் வாங்க!"

அழுத்தினாள். ஒரு மூச்சு. அழுத்தினாள். அரை மூச்சு. அடுத்த தடவை அழுத்தியபோது ஷட்டர் பாதி வழியில் நின்றது. அவன் இமைகளும் பாதியில் நின்றன.

மேசைக்கு ஓடினாள். மூடியைக் கழற்றினாள். ஸ்பிரிங்கை எடுத்தாள். தகடு ஒவ்வொன்றாக இடுக்கியில் வந்தது, தோலை உரிப்பதுபோன்ற சத்தத்தோடு. பக்கத்து அறையில் சத்தமே இல்லை.

துடை. காய வை. காய நேரமில்லை. ஊது.

"இதோ, இதோ முடிஞ்சிடுச்சுங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க." யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணீர் மேசையில் சொட்டியது. தள்ளி உட்கார்ந்தாள். ஒரு தகடு. இன்னொன்று. கடைசித் தகடு நழுவியது. பிடித்தாள். பொருத்தினாள். ஸ்பிரிங். மூடி.

அழுத்தினாள்.

'டக்.' பக்கத்து அறையில், சுத்தமாக.

நீருக்குள்ளிருந்து மேலே வந்தவன்போல் ஒரு நீண்ட மூச்சு. கட்டில் கிரீச்சிட்டது. காலடிச் சத்தம். "எங்கடி இருக்கே?" குரலில் இழுப்பே இல்லை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. விளக்கைத் தூக்கிக்கொண்டு அந்த அறை வாசலுக்கு ஓடினாள்.

அவன் நின்றிருந்தான். நிறம் திரும்பியிருந்தது. புன்னகைத்தான்.

"இப்பத்தான் தெளிவாத் தெரியிறே. அசையாதே."

விளக்கொளி முகத்தில் விழுந்தது. இமைகள் அசையவில்லை. இரண்டு பாவைகளின் விளிம்பிலிருந்தும் ஐந்து மெல்லிய எஃகுத் தகடுகள் சுழன்று உள்ளே நகர்ந்தன, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எண்ணெய் மினுங்க, கறுப்பு ஒரு புள்ளியாகச் சுருங்கும்வரை.