நான்காவது கோடு

திரையில் ஓடிய நான்கு கோடுகளில் கீழ்க்கோடு மட்டும் மற்ற மூன்றோடும் சேர்ந்து துடிக்கவில்லை.

பின்னேரம் மூன்றரைக்கே ஒஸ்லோ இருட்டிவிட்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் அறை முழுவதும் இன்னொரு தடவை தெரிந்தது: கட்டில், அப்பா, பக்கத்தில் கோட்டைக்கூடக் கழற்றாமல் நிலூஜா. மருந்துநெடிக்கு நடுவே காற்றுமெத்தை மெல்ல நிரம்புவதும் இறங்குவதும், யாரோ சலித்துக்கொள்வதுபோல, விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

முந்தாநாள்தான் அப்பா பிலேந்திரனுக்கு நெஞ்சிலிருந்து இறங்கும் பெருநாடியைத் திறந்து தைத்திருந்தார்கள். முள்ளந்தண்டு வடத்துக்கான இரத்தம் அங்கிருந்துதான் கிளை பிரிகிறது. அது குறைந்தால் கால்கள் போய்விடும். ஆகவே முதுகெலும்போரம் மேலிருந்து கீழாக நான்கு ஒட்டுகள். ஒவ்வொன்றும் தோலுக்குள் செவ்வொளியைச் செலுத்தி, உள்ளே ஓடும் இரத்தத்தைத் திரையில் ஒரு கோடாக வரையும். காலில் உணர்வு குறைந்தால் அந்த நிமிடமே சொல்லவேண்டும், சில மணி நேரம் பிந்தினாலும் கால்கள் திரும்பாது என்று தாதி எம்மா இரண்டு தடவை எச்சரித்திருந்தாள்.

கீழ்க்கோடு குறையவில்லை. சந்தேகமே அதுதான். இரத்தம் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அது; தெருக் கடைசியிலுள்ள கடையில் முகப்புக் கடையைவிட அதிகச் சரக்கு இறங்கினால் யாருக்கும் கண் போகும். மேலே மூன்று கோடுகளும் அவசரக்காரர்போலப் படபடக்க, நான்காவது எல்லாவற்றுக்கும் மேலே எழும்பி, யோசித்து, ஆறுதலாக இறங்கியது.

எம்மா கீழ் ஒட்டைக் கழற்றிப் புதியதை ஒட்டினாள். கோடு மாறவில்லை.

"சில நேரம் கருவி இப்படிக் காட்டும்," என்றாள். "கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்."

நிலூஜா கேட்டாள்.

"பிள்ளை, என்ரை கால் இஞ்சை இல்லை," என்றார் பிலேந்திரன். "அதுக்குள்ளை வேறை ஆரோ வந்து கிடக்கினம்."

முப்பது வருடம் ஒஸ்லோவின் குரூன்லாண்ட் கடைத்தெருவில் மீனும் மரக்கறியும் விற்ற மனிதர். எதற்கும் முதல் விலையை உச்சத்தில்தான் வைப்பார். மூக்கொழுகித் தடிமன் வந்தால் ஆள் முடிந்தது. பல்லு வலித்தால் பாதிரியாரைக் கூப்பிடு. ஏழு வயதிலிருந்து அவருக்காக மொழிபெயர்த்து வரும் நிலூஜா, எதையும் பாதிக்கு அடித்துத்தான் நோர்வேஜிய மொழியில் இறக்குவாள். ஆஸ்பத்திரி தன் மொழிபெயர்ப்பாளரை அழைக்க முன்வந்தபோது அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"எங்கடை கோயில் ஆள் அருட்செல்வத்தைத்தான் அனுப்புவினம். ஞாயிறு பூசைக்கு எனக்கு முதலே என்ரை வருத்தக் கதை போய் முன்வரிசை வாங்கிலை இருக்கும்."

"கால் கொஞ்சம் பாரமாக இருக்கிறதாம்," என்றாள் நிலூஜா.

எம்மா போர்வையை விலக்கி உள்ளங்காலில் ஊசிமுனையை வைத்தாள். கால் வெடுக்கென்று பின்னுக்கு இழுபட்டது.

"குத்தினது தெரிஞ்சுதே, அப்பா?"

"எனக்குத் தெரியேல்லை." அவர் குரல் தணிந்தது. "அதுக்குத் தெரியுது. கோவிக்குது."

பாதிக்கு அடித்தாள். "தெரிகிறதாம்."

எம்மா சிரித்த முகத்தோடு குறித்துக்கொண்டு வெளியே போனாள்.

கதவு சாத்தியதும் மெத்தையின் சத்தம் பெரிதாயிற்று. நிலூஜா திரையைப் பார்த்தாள். கருவி பிழையா? வயர் அடுத்த அறையோடு மாறிப்போயிற்றா? அல்லது வீட்டுக்கு விடச்சொல்லி அப்பா போடும் நாடகமா? அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். குளிர்ந்திருந்தது. நாடி மேல்கோடுகளோடு ஒத்து ஓடியது. பிறகு, வேண்டாம் வேண்டாம் என்று மனம் தடுக்கத் தடுக்க, போர்வைக்குள் கைவிட்டுக் கணுக்காலைத் தொட்டாள்.

சூடு. அடுப்பருகே இருந்து எழுந்து வந்தவரின் கால்போலச் சூடு.

உள்ளே நாடி எழும்பியது. யோசித்தது. ஆறுதலாக இறங்கியது.

போர்வைக்கு அடியிலிருந்து ஒரு வாடை வந்தது. மின்சாரம் போய் இரண்டு நாள் மூடிக்கிடந்த கடைக் குளிர்ப்பெட்டியைத் திறந்ததுபோல.

"அப்பா, கால் அசைச்சனீங்களே?"

"இல்லை, பிள்ளை. முழங்காலைத் தாண்டிட்டுது. இப்ப இடுப்படியிலை நிக்குது."

மூன்றாவது கோடு சரிந்தது. அவர் நகங்கள் வெளிறியிருந்தன. இரண்டாவது கோடு. நான்காவது இன்னும் உயர்ந்தது.

அவள் அழைப்பு மணியை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள்.

போர்வைக்குள் வலது கால் மெல்ல மடிந்தது. உயர்ந்தது. இடது காலின்மேல் போய் அமர்ந்தது. பிலேந்திரன் கடையிலோ வீட்டிலோ கோயிலிலோ காலுக்கு மேல் கால் போட்டு அவள் கண்டதே இல்லை. மேலிருந்த பாதம் ஆடத் தொடங்கியது. வந்த இடம் பிடித்துப்போன விருந்தாளியின் பாதம்.

எம்மா ஓடிவந்தாள். திரையைப் பார்த்து நெற்றி சுருக்கினாள். பிறகு கால்களைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அசைக்கிறாரே! இதைத்தானே எதிர்பார்த்தோம். கால்கள் தப்பிவிட்டன, நிலூஜா."

அப்பாவின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. கழுத்துக்குக் கீழே அவருடையது எதுவும் அசையவில்லை.

"பிள்ளை," என்றார். "அது நான் இல்லை. இந்தமுறை குறைக்காதை. முழுசாச் சொல்லு."

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள் எம்மா.

நிலூஜா வாயைத் திறந்தாள்.

பாதம் ஆடுவதை நிறுத்தியது.

மேலிருந்த கால் இறங்கியது. இரண்டு பாதங்களும் போர்வைக்குள் ஒன்றாகச் சேர்ந்து, அவள் நின்ற பக்கம் மெல்லத் திரும்பி, நின்றன. திரையில் நான்காவது கோடு உச்சிக்குப் போய் அப்படியே நின்றது. விழவில்லை. அவள் சொல்லப்போவதைக் கேட்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல.