குடையை மட்டும் சொல்லவில்லை

"அதைத் தொடாதீங்க."

ஆய்வகத்துக்குள் நுழைந்ததுமே அதட்டினாள். அவளுடைய மைக்ராஸ்கோப் அக்கக்காகப் பிரிந்து மேசையில் கிடந்தது. அதன் முன்னால் யாரோ ஒருவன்.

"தொடாம ரிப்பேர் பண்ற வித்தையை இன்னும் கத்துக்கலைங்க," என்றான் நிமிராமல்.

மெக்கானிக்... வரச் சொன்னதே அவள்தான். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

லென்ஸைத் துடைத்துப் பொருத்திவிட்டு நகர்ந்து நின்றான். "இப்போ பாருங்க."

ஒரு துளி குளத்து நீருக்குள் பச்சைப் பாசி இழைகள்... அத்தனை தெளிவாக. நிமிர்ந்தால் அவன் கண்கள். எதையோ சொல்ல வந்து நின்றுவிட்ட கண்கள்.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிறுத்தம் வரை அவன் குடையில் நடந்தாள். அவன் தோள் ஒன்று முழுக்க நனைந்தது.

"உங்க பக்கமும் கொஞ்சம் பிடிங்க. காய்ச்சல் வரப்போகுது."

"காலையில நீங்க போட்ட அதட்டல்லயே வந்தாச்சு."

வாய்விட்டுச் சிரித்தாள். பஸ் வரும்போது அவன் தயங்கித் தயங்கி போன் நம்பர் கேட்டான்.

"எனக்கு ஒருத்தர் இருக்காருங்க..."

"கொடுத்துவெச்சவர்," என்றான். குடையைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் காதலனிடம் போனில் வழக்கம்போல எல்லாம் சொன்னாள். மேனேஜரின் சிடுசிடுப்பு, ஆறிப்போன காபி, மழை. குடையை மட்டும் சொல்லவில்லை. வைத்த பிறகுதான் உறைத்தது. காதலன் இருப்பதை மெக்கானிக்கிடம் சொல்ல முடிந்தது... அவனைக் காதலனிடம் ஏன் சொல்ல முடியவில்லை?

மறுநாள் நேரில் சொல்லிவிட்டாள். காதலன் சிரித்தான்.

"இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க? கை படாத வரைக்கும் எதுவும் துரோகம் இல்லடி. நான்கூட எத்தனையோ உன்கிட்ட சொன்னதில்ல."

"எத்தனையோன்னா?"

அவன் ஏற்கெனவே கலக்கிய காபியை மறுபடி கலக்கினான்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் கணக்கில் கை படுவதுதான் துரோகம். அவள் கணக்கில் மறைப்பதே துரோகம். சண்டையில்லாமல் பிரிந்தார்கள். அன்று அவன் உண்மையைச் சொல்லிவிட்டதற்கு இன்றும் மனதுக்குள் நன்றி சொல்கிறாள்.

அடுத்த சர்வீஸுக்கு வயதான மெக்கானிக் ஒருவர் வந்தார்.

"தம்பி இந்தப் பக்கமே வர மாட்டேங்கிறான்மா. நீங்களே போங்கண்ணேன்னு என் தலையில கட்டிட்டான்."

அவள் அழவில்லை... லென்ஸ்தான் மங்கலாகத் தெரிந்தது. சொன்னவுடன் விலகிப்போக ஒருவனுக்குத் தெரிந்திருக்கிறது.

நாலைந்து நாள் வெட்கம் பிடித்து இழுத்தது. ஒருநாள் மதியம் அவன் கடைக்கு போன் செய்துவிட்டாள்.

"என்ன ரிப்பேருங்க?"

"ஒண்ணுமில்ல. பொய் சொல்லிக் கூப்பிட மனசு வரல. நீங்க வராம இருந்தீங்களே... அதுக்கு நன்றி."

மறுமுனையில் ஸ்க்ரூடிரைவர் கீழே விழும் சத்தம்.

"இப்போ எனக்கு யாரும் இல்ல. உங்களைப் பிடிச்சிருக்கு."

"...எனக்கு அந்த அதட்டல்லயே பிடிச்சுப் போச்சுங்க. கிளம்பட்டுமா?"

"வரும்போது குடை எடுத்துட்டு வாங்க."

"வெயில் கொளுத்துதே..."

"தெரியும்," என்றாள்.